வி.எம். 13.20: கையெழுத்துப் போட்டது யார்?

மணி ஒன்று பத்து. சரியாக ஐந்து மணிக்கு முப்பத்தெட்டுப் படகுகள் காணாமல் போய்விடும் என்று எதிரே உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்.

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"புயலுங்களா?" என்றேன்.

"புகாருங்க" என்றாள்.

அவள் பெயர் பரிமளா. இருபத்தைந்து வயது. மரக்காணம் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில் வீடு. மடியில் ஒரு லேப்டாப்பைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டிருந்தாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் என் முதலாளி சவுரியம்மாள். முப்பது வருஷம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியவர். அடுத்தவன் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ள வந்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டார். நான் வல்லரசு, உதவியாளன். செல்போன் ரிப்பேர் கடையை மூடிவிட்டு இங்கே சேர்ந்தவன். பெயருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, என் வேனைப் பார்த்தாலே தெரியும்.

"மொதல்லேருந்து சொல்லும்மா" என்றார் சவுரியம்மாள்.

"காலேஜ் கடைசி வருஷத்துல ஒரு சாஃப்ட்வேர் எழுதினேன் மேடம். பேரு கரை. படகுல உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நான் இங்க இருக்கேன்னு கரைக்குச் சொல்லும். அரை மணி நேரம் சத்தம் இல்லன்னா குப்பத்துல எல்லார் போனும் அடிக்கும். போன மாசம் எங்க மாமா ராம்கி எஞ்சின் நின்னு அலையில அடிச்சிக்கினு போய்ட்டாரு. போன் அடிச்சதாலதான் தேடிக் கண்டுபுடிச்சாங்க."

"நல்ல விஷயம்தானே. புகார் யாரு?"

"திண்டிவனத்துல அலைமகள் சிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி. ஓனர் கோகுலகிருஷ்ணன். ரெண்டாயிரத்து இருபத்திரெண்டுல மூணு மாசம் அங்க டிரெய்னிங் போனேன். இப்ப என் சாஃப்ட்வேரையே பேர் மாத்தி மத்த மாவட்டத்துல விக்கிறாரு. என்னோடது சும்மா கிடைக்கிற வரைக்கும் அவரோடது விக்காது. அதனால, இருபத்திரெண்டு ஜனவரியில அவங்க எழுதினதை நான் டிரெய்னிங்ல திருடிட்டேன்னு, எனக்கு சர்வர் குடுக்குற சென்னை கம்பெனிக்குப் புகார் குடுத்துட்டாரு. அவங்க அஞ்சு மணிக்கு நிறுத்திடுவாங்க. நான் ஆதாரம் குடுத்தாலும் பாக்க மூணு நாள் ஆகுமாம். புகார் குடுத்தவரே வாபஸ் வாங்கினாத்தான் உடனே விடுவாங்களாம்."

"மூணு நாள் நின்னா?"

பரிமளா லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். நீலத் திரையில் பச்சைப் புள்ளிகள். "இதுல ஒன்னு எங்க அப்பா வீரமுத்து. இப்பத்தான் வலை விடப் போறாரு. காலையிலதான் திரும்புவாரு" என்றாள்.

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "சும்மா கிடைக்கிற பொருளை எடுத்து விக்கிறது எப்டிம்மா திருட்டு? நீதான் ஊருக்கே திறந்து வச்சிட்டியே?"

"திறந்து வச்சா அனாதைன்னு அர்த்தம் இல்லீங்க. லைசென்ஸ் போட்டுத்தான் வச்சேன்" என்று நிமிர்ந்தாள். "அதுல பல வகை இருக்கு. ஒரு வகையில, பேரை மட்டும் வச்சிக்கினு எடுத்தவர் என்ன வேணா பண்ணிக்கலாம், பூட்டிக்கூட வைக்கலாம். நான் போட்டது ஜி.பி.எல். எடுத்துக்கோ, மாத்திக்கோ, அடுத்தவனுக்குக் குடுக்கும்போது மட்டும் நீயும் திறந்தே குடு. படகை வாங்கினவனால எஞ்சினைத் திறக்க முடியலன்னா நடுக்கடல்ல யாரைக் கூப்பிடுவான்? அதை யோசிச்சுத்தான் இதைப் போட்டேன்."

"பொதுவழி பாத்தியம் மாதிரி" என்றார் சவுரியம்மாள். "யாரு வேணா நடக்கலாம். நடந்தவன் வேலி போட முடியாது."

"கரெக்ட் மேடம்! அவரு அந்த லைசென்ஸ் ஃபைலையே அழிச்சிட்டு வேலி போட்டுட்டாரு."

"உன்னது முந்திப் பொறந்ததுக்கு என்ன சாட்சி?"

"அதான் பேஜாரு. உள்ள இருக்கிற தேதியை நம்ப மாட்டாங்க. கம்ப்யூட்டர் கடிகாரத்தைத் திருப்பி வச்சா எந்தத் தேதி வேணா விழும். அப்ப என்கிட்ட இருந்தது காலேஜ் மெயில். படிப்பு முடிஞ்சதும் அதை மூடிட்டாங்க."

சவுரியம்மாள் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். பிறகு பத்திரம் எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்வியையே கேட்டார். "சாட்சிக் கையெழுத்து எதுவும் இல்லியா? வெளி ஆளு ஒருத்தர்? அவரை எதிர்ல நிறுத்தினா புகார் குடுத்தவரே வாபஸ் வாங்கிடுவாரு."

"ஒருத்தர் இருக்காரு. ஆனா யாருன்னு தெரியாது."

அது இரண்டாயிரத்து இருபத்தொன்று மார்ச் மாதம். பின்னாளில் கலைந்துபோன ஞாயிற்றுக்கிழமைக் கட்டற்ற மென்பொருள் கூட்டத்துக் குழுவில் பரிமளா தான் எழுதிய கரையைப் போட்டிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒருவர் நான்கு திருத்தங்கள் அனுப்பியிருக்கிறார். புனைபெயர் மல்லாட்டை. சோதனைக்கு அவர் படகுகளுக்கு வைத்த பெயர்கள் கேப்பை, கம்பு, எள்ளு.

"கடல்ல இறங்கின ஆளு இல்ல" என்றேன். "வேர்க்கடலைன்னு சொல்லாம மல்லாட்டைங்கிறதால நம்ம பக்கத்துக்காரர். மாவட்டத்துல இருபது லட்சம் பேர்தான். சாயந்தரத்துக்குள்ள கேட்டு முடிச்சிடலாம்."

சவுரியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பரிமளா திரையைத் திருப்பினாள்.

"திருத்தம் அனுப்புறவங்க கடைசியில சைன்டு ஆஃப் பைன்னு ஒரு வரி எழுதணும் மேடம். இது என் சொந்த எழுத்து, இதே லைசென்ஸ்ல குடுக்குறேன்னு உறுதி சொல்ற கையெழுத்து. பேரு போடச் சொன்னா, இவரு இப்படிப் போட்டிருக்காரு."

நான்கு வரிகள். வி.எம். 13.20. வி.எம். 05.45. வி.எம். 21.55. வி.எம். 23.10.

"வி.எம்.னா வர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர். அதோட வெர்ஷன் நம்பர்னு விட்டுட்டேன்."

"வெர்ஷன் நம்பர் மேலதானே ஏறும்? பதிமூணுலேருந்து அஞ்சுக்கு எப்படி இறங்குச்சி?" சவுரியம்மாள் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "புள்ளிக்கு முன்னாடி இருபத்தி மூணைத் தாண்டல. பின்னாடி அம்பத்தொம்பதைத் தாண்டல. இது மணி."

எனக்குச் சுரீர் என்றது. சட்டைப் பையில் கிடந்த பழைய ரயில் டிக்கெட்டை எடுத்து மேஜையில் போட்டேன். "அக்கா! வி.எம்.னா விழுப்புரம்! ஸ்டேஷன் கோடு!"

"கையெழுத்துப் போடச் சொன்னா, ஊரும் மணியும் போடுறவன் யாரு?" சவுரியம்மாள் ஏற்கெனவே எழுந்துவிட்டார். "டூட்டி ஏறினா சைன் ஆன், இறங்கினா சைன் ஆஃப். என் வீட்டு மாடியில பதினோரு வருஷம் குடியிருந்த ரயில்வே கார்டு தினம் அதைத்தான் சொல்லுவாரு. நீ பேரைக் கேட்டிருக்க. அந்த மனுஷன் அன்னைக்கு எத்தனை மணிக்கு ரயிலை விட்டு இறங்கினாருன்னு எழுதியிருக்காரு. வேனை எடு வல்லரசு, ஜல்தி."

ஸ்டேஷனுக்கு எதிரே சகாயராஜ் டீக்கடை. ரயில் ஓட்டுகிறவர்களும் கார்டுகளும் இறங்கியதும் முதலில் வருவது அங்கேதான். நான் கண்ணாடி கிளாசைக் கையில் வாங்கிக்கொண்டு, ஊர் வம்பு பேசுகிற தோரணையில் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் தட்டிக்கினு இருக்கிற கார்டு யாராவது உண்டாண்ணே?"

"மல்லாட்டை சாரா?" என்றார் சகாயராஜ், பாலை ஆற்றிக்கொண்டே.

பரிமளா கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது.

"அறிவுச்செல்வன்னு பேரு. கூட்ஸ் கார்டு. டூட்டிக்குத் தூக்கிக்கினு போற லைன் பாக்ஸைத் தொறந்தா கொடிக்குப் பக்கத்துல அவிச்ச மல்லாட்டை இருக்கும். பேரே அதான் ஆயிப்போச்சு. இதே பெஞ்சுல உக்காந்து லேப்டாப்பைத் தட்டிக்கினு இருப்பாரு. இப்ப திண்டிவனத்துல வீடு கட்டிக்கினு போய்ட்டாரு. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, பச்சை கேட்டு வீடு. இன்னைக்கு அவருக்கு ரெஸ்ட்டு."

மணி இரண்டு பத்து. திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர். நல்ல வண்டிக்கு முக்கால் மணி நேரம். என் வண்டிக்கு எவ்வளவு என்று என் வண்டிதான் முடிவு செய்யும்.

கூட்டேரிப்பட்டில் அது முடிவு செய்வதற்கு முன் ஒரு கரும்பு லாரி முடிவு செய்துவிட்டது. டயர் வெடித்துச் சாலையின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. முன்னால் முப்பது வண்டி, பின்னால் அதைவிட அதிகம். நான் ஹாரனை அடித்த அடியில் மயிலம் முருகனே எழுந்து வந்திருப்பார். லாரி அசையவில்லை.

அப்போது பரிமளாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார் சவுரியம்மாள்.

"பரிமளா, கோகுலகிருஷ்ணன் பேசுறேன்மா." குரலில் நெய் வடிந்தது. "ஏம்மா வீண் பிடிவாதம்? இது உங்க கம்பெனியோடதுதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. அடுத்த நிமிஷம் வாபஸ் வாங்கிடுறேன். உங்க குப்பத்துக்கு மட்டும் ஒரு வருஷம் சும்மாவே ஓட்டிக்கோ. அப்பா கடல்லதானே இருக்காரு?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனுக்குள் கையை விட்டு ஆளை வெளியே இழுக்க முடிந்தால் இழுத்திருப்பேன். பரிமளா போனை வைத்துவிட்டுப் பின்சீட்டில் குனிந்து அழுதாள்.

"போட்டுக் குடுத்துடவா மேடம்? அப்பா வரணும். அது போதும் எனக்கு."

"நாலு முப்பது வரைக்கும் என்கிட்ட விடு" என்றார் சவுரியம்மாள். "அதுக்கு மேல உன் இஷ்டம்."

லாரியை ஓரங்கட்டி வழி விட்டபிறகு, பச்சை கேட் வீட்டை அடைந்தபோது மூன்று ஐம்பது. நடுத்தர வயதில், பனியனும் லுங்கியுமாக ஒருவர் கதவைத் திறந்தார். கையில் மல்லாட்டை. வேறு அடையாளம் தேவைப்படவில்லை. பரிமளா தன் பெயரைச் சொன்னாள்.

"கரை எழுதின பரிமளாவா?" அறிவுச்செல்வன் முகம் மலர்ந்து போனது. "வாம்மா, வா! உன்னை நேர்ல பாப்பேன்னு நெனைக்கவே இல்ல. ரோஜா, தண்ணி கொண்டா! நல்ல வேலை பண்ணம்மா, அதை கோகுல் சாருக்கே வித்துட்டியாமே. அவர்தான் வந்து சொன்னாரு."

பரிமளா ஓரடி முன்னால் வந்தாள். "நான் விக்கல சார்."

"விக்கலியா?" அவர் கையிலிருந்த மல்லாட்டை அப்படியே நின்றது. "நான்தான் அந்த மல்லாட்டைன்னு ஒரு மீட்டிங்ல அவர்கிட்ட சொல்லியிருக்கேன். போன வியாழக்கிழமை வீடு தேடி வந்தாரு. பொண்ணு எழுதிக் குடுத்துடுச்சி, உங்க பங்கும் வந்துட்டா நல்லதுன்னாரு. பத்திரம் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கினு போய்ட்டாரு. இனிமே அதைப் பத்தி யார்கிட்டயும் நான் பேசக் கூடாதுன்னு அதுல ஒரு ஷரத்து வேற இருக்கு."

ஆக, இருந்த ஒரே சாட்சியின் வாயையும் நமக்கு முன்னால் வந்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சவுரியம்மாள் மட்டும் உட்காரவில்லை. "பத்திரம் யாரு எழுதினது சார்? வக்கீலா?"

"இல்லீங்க, ரிஜிஸ்டர் ஆபீஸாண்ட எழுதுவாரே, அவருதான். இருபது ரூபா முத்திரைத்தாள்ல எழுதிக்கினு வந்தாங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்."

"காப்பி?"

"ரயில்வேயில முப்பது வருஷம்மா. ஜெராக்ஸ் இல்லாம நான் ஒரு தாளையும் கையை விட்டு விடுறதில்ல."

உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். சவுரியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முதல் பக்கம் திரும்பியது. இரண்டாவது பக்கத்தின் நடுவில் அவர் விரல் நின்றது. காலையிலிருந்து சிரிக்காத மனுஷி வாய்விட்டுச் சிரித்தார்.

"பத்திரம் எழுதுறவன் கையை யாராலயும் நிறுத்த முடியாது வல்லரசு. நிலமோ, மாடோ, கம்ப்யூட்டரோ, எதை எழுதினாலும் இந்தச் சொத்து இவனுக்கு எப்படி வந்துச்சின்னு எழுதாம அவனுக்குத் தூக்கம் வராது. படி."

நான் உரக்கப் படித்தேன். "'மரக்காணம் வட்டம் வீரமுத்து குமாரத்தி பரிமளா என்பவரால் எழுதப்பட்டு, அவருடைய சுவாதீன அனுபவத்தில் இருந்துவந்த கரை என்னும் மென்பொருளில், 2021ஆம் வருடம் மார்ச் மாதம் 14ஆம் தேதி முதல் நான் எழுதிச் சேர்த்து, அந்த வகையில் எனக்குப் பாத்தியப்பட்ட பகுதியை, யாதொரு வில்லங்கமும் இல்லாமல்...'"

"அடியில?"

"எழுதிக் கொடுப்பவர் அறிவுச்செல்வன். எழுதி வாங்குபவர்..." என் குரல் எகிறியது. "கோகுலகிருஷ்ணன்!"

"புகார்ல இது இருபத்திரெண்டு ஜனவரியில எங்க கம்பெனி எழுதினதுங்கிறாரு. இருபத்தொன்னு மார்ச்லயே அது பரிமளாவோடதுன்னு இங்க கையெழுத்துப் போட்டிருக்காரு. சாட்சி வாயை அடைக்க வந்தவரு சாட்சி சொல்லிட்டுப் போயிருக்காரு." சவுரியம்மாள் பரிமளா பக்கம் திரும்பினார். "ஒரு சந்தேகம். இவர் பங்கை அவருக்கு எழுதிக் குடுத்ததால உன் கரைக்கு எதுவும் ஆகுமா?"

பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் திரும்பி வந்திருந்தது. "ஆகாது மேடம். சார் அன்னைக்கு எனக்கு ஜி.பி.எல்.ல குடுத்துட்டாரு. அப்படிக் குடுத்ததை அப்புறம் வாங்கினவர் வந்து திரும்பக் கேக்க முடியாது."

அறிவுச்செல்வன் பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. "என்னை ஏமாத்தி ஒரு பொண்ணு கழுத்தை அறுக்கப் பாத்திருக்கான். நானும் வர்றேன், வண்டியை எடுங்க."

அலைமகள் சிஸ்டம்ஸ் ஆபீஸுக்குள் நாங்கள் நான்கு பேரும் நுழைந்தபோது நான்கு முப்பத்தேழு. கண்ணாடி அறைக்குள் கோகுலகிருஷ்ணன் புன்னகையோடு எழுந்தார். பரிமளாவுக்குப் பின்னால் அறிவுச்செல்வனைப் பார்த்ததும் புன்னகை பாதியில் நின்றது.

"அறிவு சார், நீங்க பேசக் கூடாதுன்னு ஷரத்து இருக்கு" என்றார்.

"நான் எங்க பேசினேன்? சும்மா நிக்கிறேன்" என்றார் அறிவுச்செல்வன்.

சவுரியம்மாள் மேஜையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று சென்னைக்குப் போன புகார், அந்தக் கம்பெனி பரிமளாவுக்கு அனுப்பிய நகல். இன்னொன்று பத்திரத்தின் ஜெராக்ஸ்.

"ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான் சார். ரெண்டும் ஒன்னுக்கொன்னு நேர் எதிர். எது பொய்னு நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு, அவங்களைக் கேட்டுக்குறோம்."

அவர் இரண்டாவது தாளைப் படித்தார். மறுபடி படித்தார். "இந்த வரியை யாரு எழுதச் சொன்னது?" என்றார் மெதுவாக.

"யாரும் சொல்ல வேணாம். அது பழக்கம்" என்றார் சவுரியம்மாள். "நீங்க படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கணும்."

கோகுலகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எந்தப் பக்கமும் வழி இல்லை. நான்கு நாற்பத்தைந்து.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டை இழுத்தார். ஐம்பத்தைந்துக்கு வாபஸ் மெயில் போனது. ஐம்பத்தெட்டுக்குச் சென்னையிலிருந்து பதில் வந்தது. பரிமளா லேப்டாப்பை அவர் மேஜையிலேயே விரித்து வைத்தாள். ஐந்து அடித்தது. ஐந்து இரண்டு ஆனது. முப்பத்தெட்டுப் புள்ளிகளும் பச்சையாகவே இருந்தன. அவள் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

நாங்கள் கிளம்பும்போது கோகுலகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். நெய் எல்லாம் வற்றிப்போன குரல். "அப்ப இதை நான் இனிமே விக்கவே கூடாதா?"

பரிமளா திரும்பினாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

"தாராளமா விக்கலாம் சார். அன்னைக்கும் வித்திருக்கலாம், என்னைக் கேட்டிருக்கக்கூட வேணாம். என் பேரையும் லைசென்ஸையும் அப்படியே விட்டு, வாங்குறவங்களுக்கு உள்ள எழுதியிருக்கிறதைத் திறந்து குடுத்திருந்தா போதும். நீங்க அழிச்சீங்களே ஒரு ஃபைலு, அதுலதான் சார் இதெல்லாம் எழுதியிருந்தேன்."